மூணு முறை தட்டின கதவு... ஐடா ஸ்கடரை மாற்றிய அந்த ஒரு ராத்திரி!

அம்மையார்குப்பத்தில் கண் விழித்ததும் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். திருத்தணிக்கு மேற்கே, ஆர்.கே.பேட்டையை ஒட்டிய நெசவாளர் ஊர். கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். இந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் பெரிய வியாதின்னு ஒண்ணு வந்துட்டா ரெண்டு விஷயம் நடக்கும். வீட்டுப் பெரியவங்க மஞ்சள் துணியில காசு முடிஞ்சு திருத்தணி முருகனுக்கு வேண்டிக்குவாங்க. பிள்ளைங்க வேலூருக்கு வண்டி பேசுவாங்க.

வேலூர்னா சி.எம்.சி. ஆஸ்பத்திரி. பேர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வேலூருக்குக் கொண்டு போயிட்டாங்களாம்னு சொன்னாலே, நோய் கொஞ்சம் பெரிசு, ஆனா நம்பிக்கையும் இருக்குன்னு தெருவுக்கே புரிஞ்சிடும். சோளிங்கர், வாலாஜா, ராணிப்பேட்டை என்று போகிற அந்த வழியில் எத்தனையோ பேர் பயத்தோடு போயிருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரி முளைத்தது ஒரு இளம்பெண்ணின் மனசுக்குள், அதுவும் அவர் அழுது தீர்த்த ஒரு ராத்திரியில் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் ஐடா சோபியா ஸ்கடர். ஊரெல்லாம் தெய்வமா பார்த்த டாக்டரம்மா. ஆனா ஒரு காலத்தில், இந்த ஊரும் வேண்டாம், இந்த வேலையும் வேண்டாம் என்று இருந்தவர்.

ரொட்டித் துண்டும் அம்மாவின் தலையணையும்

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9 அன்று, ராணிப்பேட்டையில். அப்பா ஜான் ஸ்கடர் டாக்டர், மிஷனரி. தாத்தாவின் பெயரும் ஜான் ஸ்கடர்தான். நியூயார்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு 1819-ல் கப்பல் ஏறி, யாழ்ப்பாணத்தில் வேலை செய்து, பிறகு சென்னைக்கு வந்தவர். அவருடைய மகன்கள் எல்லாருமே மிஷனரிகள். அப்படி ஒரு குடும்பத்தில் ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு கடைக்குட்டியாக ஒரே பெண். பக்தி அவருக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி. தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் வீட்டில் கிடந்தது. அதுதான் சிக்கலும்.

1876-ல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தை நம் ஊர்ப் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். அப்போது ஐடா ஆறேழு வயசுக் குழந்தை. பட்டினியில் கையைக்கூடத் தூக்க முடியாத பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைக்கிற வேலை அந்தக் குழந்தைக்கு. ரோட்டோரம் செத்துக் கிடந்த பிள்ளைகளையும் பார்த்தார். ஆறு வயசில் பார்க்கக்கூடாத காட்சி அது. இன்றைக்கு என்றால் அந்தக் குழந்தையை ஒரு கவுன்சிலரிடம் அழைத்துப் போவோம். அன்றைக்கு அதற்கெல்லாம் யார் இருந்தார்கள்?

பஞ்சத்துக்குப் பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. சில வருஷங்களில் அப்பா மட்டும் இந்தியா திரும்பினார். அடுத்து அம்மா சோபியாவும் கிளம்பினார். ஐடாவை சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத்தான். அம்மா கிளம்பிப் போன ராத்திரி, அம்மா படுத்திருந்த படுக்கைக்கு ஓடி, அவருடைய தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறார் ஐடா. வயசு பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். பெண் பிள்ளைகள் அம்மாவை ரொம்பவே தேடுகிற வயசு.

எனக்கென்னவோ, ஐடாவுக்கு இந்தியா மேல் இருந்த கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்தப் பிள்ளையின் கணக்கில், இந்தியா என்பது முதலில் நிம்மதியைப் பறித்த இடம், அப்புறம் அம்மாவையும் பறித்த இடம். நார்த்ஃபீல்டில் மூடி என்ற பிரசங்கியார் நடத்திய பெண்கள் பள்ளியில் படிக்கும்போது, குறும்பும் கலகலப்புமாக இருந்திருக்கிறார். நல்ல இடத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு அமெரிக்காவிலேயே வசதியாக இருந்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை. ஸ்கடர் குடும்பத்துப் பெண் என்றால் மிஷனரியாகத்தான் ஆகணுமா என்கிற எரிச்சலும் இருந்தது. அதில் தப்பென்ன? நம் வீடுகளில் அப்பா கடையை நீதான் பார்த்துக்கணும் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்படும் பிள்ளைகளுக்கு வருகிற அதே எரிச்சல்தான்.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. கொஞ்ச காலம் கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம், அப்புறம் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் ஐடா வந்தார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில். அம்மா கவனித்துவந்த பெண் பிள்ளைகள் பள்ளியையும் கவனித்துக்கொண்டார். ஆனா மனசு மட்டும் கப்பல் துறையிலேயே நின்றது.

அப்படி இருந்த நாட்களில் ஒரு ராத்திரி. ஐடா தன் அறையில் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் யாரோ வருகிற சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை, நீங்கள் வந்து காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். அந்த மனைவிக்கு வயசு பதினான்குதான் இருக்கும். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்த மனிதர் மறுத்துவிட்டார். அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். இந்த முறை ஒரு முஸ்லிம். அதே வலி, அதே வேண்டுதல், அதே மறுப்பு. அப்புறம் மூன்றாவதாக வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. அவரும் அப்படியே வந்து, அப்படியே போனார். அப்பா பக்கத்து அறையில், உதவி செய்யத் தயாராக இருந்தார். மருந்தும் இருந்தது. இல்லாமல் போனது ஒரு பெண் டாக்டர் மட்டும்தான்.

அந்த மூன்று கணவர்களையும் வில்லன்களாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. பெண்டாட்டி மேல் அக்கறை இல்லாதவன் நடு ராத்திரியில் வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டான். தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்த ஒரு வழக்கம், அவர்கள் அன்பைவிடக் கனமாக இருந்திருக்கிறது. இதே காரணத்துக்காகத்தான் சென்னையில் மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டரின் முயற்சியால், 1885-லேயே பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை வந்திருந்தது. இன்றைக்கும் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் சொல்வது அதைத்தான். ஆனால் திண்டிவனத்தில் நடு ராத்திரியில் வலியில் துடிக்கிற பெண்ணுக்கு திருவல்லிக்கேணி எத்தனை தூரம்!

அன்று ராத்திரி ஐடா தூங்கவில்லை. ஜெபம் பண்ணினார், அழுதார். விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார். அந்த மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம் கழித்து வெளியே வந்து அப்பா, அம்மாவிடம் சொன்னது ஒரே விஷயம். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு, இந்தியப் பெண்களுக்காகத் திரும்பி வரப்போவதாகச் சொன்னார்.

கிறிஸ்தவர்கள் இதை அழைப்பு என்பார்கள், மனம்திரும்புதல் என்பார்கள். உள்ளொளி என்றதும் நமக்கு ஒரு கற்பனை இருக்கு. கண்ணை மூடினா வெளிச்சம், மனசெல்லாம் அமைதி, முகத்தில் ஒரு சிரிப்பு. ஐடாவுக்கு அப்படியா வந்தது? சாவு மேளத்தோடு வந்தது. சின்ன வயசில் பெயர் வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, வேதம் சொல்லிக் கொடுத்து வளர்த்த வீட்டில் கிடைக்காத ஒன்று, மூன்று வீட்டுச் சாவில் கிடைத்தது. அதுவரைக்கும் அது அப்பாவின் கடவுள், தாத்தாவின் கடவுள். அந்த ராத்திரிக்குப் பிறகுதான் ஐடாவின் கடவுள்.

கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டவர்

1895-ல் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததும் கடைசி வருஷத்துக்கு அங்கே மாறி, 1899-ல் டாக்டரானார். ஊர் திரும்புவதற்கு முன்னால் வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் திரட்டச் சொன்னார்கள். அலைந்தார். பெரிசாக ஒன்றும் தேறவில்லை. கப்பல் ஏறச் சில நாட்களே இருக்கும்போது, நியூயார்க்கில் ஒரு அம்மாவைப் பார்த்து வேலூர்ப் பெண்களின் நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருந்த அவருடைய உறவினர் ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு ஐடாவைக் கூப்பிட்டு, இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். திண்டிவனத்தில் ஒரு கதவு, நியூயார்க்கில் ஒரு கதவு!

1900 ஜனவரி 1 அன்று வேலூர் வந்து சேர்ந்தார். கூடவே தோழி ஆனி ஹான்காக். அப்பாவோடு சேர்ந்து வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆனால் அதே வருஷம் மே மாதம் அப்பா இறந்துபோனார். கையில் புத்தம்புது பட்டம், ஊருக்குப் புதுசு, பொம்பளை டாக்டர்னா என்னன்னே தெரியாத ஜனங்க. வீட்டிலேயே ஒரு சின்ன அறையில், ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். முதலில் தயங்கினார்கள். அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவர் என்று வர ஆரம்பித்தார்கள். ரெண்டு வருஷத்தில் 5,000 பேருக்கு மேல் பார்த்துவிட்டார். 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பிற்காலத்தில் சி.எம்.சி.யின் கண் ஆஸ்பத்திரி ஆனது அதுதான்.

ஆஸ்பத்திரி வந்துட்டா நோயாளிங்க வந்துடுவாங்களா? வர முடியாதவங்கதான் அதிகம். அதனால் இவரே கிளம்பினார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு பியூஜோ கார் வந்தது. மாடு இல்லாமல் ஓடிவருகிற வண்டியைப் பார்த்துப் பிசாசு என்று ஜனங்கள் சிதறி ஓடியிருக்கிறார்கள். குடியாத்தம் ரோட்டில் வாரம் தவறாமல் போவார். புளிய மரத்தடி, ஆலமரத்தடி, எங்கே கூட்டம் நிற்கிறதோ அங்கே வண்டி நிற்கும். கட்டியைக் கீறுவது, பல்லைப் பிடுங்குவது, கண்ணுக்கு மருந்து விடுவது, தொழுநோய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லாம் அங்கேயே. வந்தவர் என்ன சாதி, என்ன மதம் என்று பார்த்து மருந்து கொடுக்கவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது மிஷன் ஆஸ்பத்திரி, அங்கே ஜெபமும் இருந்தது, வேதப் பாடமும் இருந்தது. தன் நம்பிக்கையை ஐடா ஒளித்துவைத்தவர் இல்லை. ஆனால் வைத்தியத்துக்கு அதை விலையாகக் கேட்டதில்லை.

அம்மையார்குப்பம் அப்போது எங்கே இருந்தது தெரியுமா? வேலூர் இருந்த அதே வட ஆற்காடு மாவட்டத்தில்தான். 1911-ல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தபோதுதான் திருத்தணிப் பக்கமெல்லாம் அந்தப் பக்கம் போனது.

பொம்பளைப் பிள்ளைங்க வருவாங்களா?

எத்தனை கார் வந்தாலும் ஓட்டுகிறவர் ஒருவர்தானே. ஒரு ஆள் எத்தனை கதவைத் திறக்க முடியும்? 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். நல்ல குடும்பத்துப் பெண்கள் செய்யக்கூடாத வேலை என்று நர்ஸ் வேலையைப் பார்த்த காலம் அது. அடுத்து பெண் டாக்டர்களை உருவாக்கும் பள்ளி. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி டாக்டராகி அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மாணவிகளே கிடைக்க மாட்டார்கள் என்று பெரிய அதிகாரிகளே சொன்னார்கள். விண்ணப்பம் போட்டவர்கள் 151 பேர்! 1918 ஆகஸ்ட் 12 அன்று பள்ளி திறந்தது. சேர்த்துக்கொண்டது 17 பேரை. சில புத்தகங்கள், ஒரு எலும்புக்கூடு, ஒரு மைக்ராஸ்கோப், இவ்வளவுதான் மூலதனம். உடற்கூறு பாடத்தை ஐடாவே நடத்தினார். மாகாணத் தேர்வில் ஆண்கள் படித்த பள்ளிகளே அசந்துபோகிற மாதிரி இந்தப் பெண்கள் தேறினார்கள். 1922-ல் 14 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். 1928-ல் காந்தியும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவு வேலைக்கும் தெம்பு எங்கிருந்து வந்தது? விடியற்காலையில் எழுந்து வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும் வயசான பிறகும் விடாத பழக்கம். அதற்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி. சாமியாரம்மா மாதிரி உம்மென்று இருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். ரோஜாச் செடி வளர்ப்பார், நல்லா டிரஸ் பண்ணுவார், தள்ளாத வயசிலும் டென்னிஸ் ஆடுவார். கோபமும் வரும்.

அவருடைய இரண்டாவது பெரிய சோதனை வயசான காலத்தில் வந்தது. 1930-களின் இறுதியில், அந்தப் பள்ளி கொடுத்துவந்த எல்.எம்.பி. படிப்பு இனி போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தணும் என்ற நிலைமை வந்தது. அதற்கு இன்னும் படுக்கைகள் வேண்டும், உயர்படிப்பு படித்த ஆசிரியர்கள் வேண்டும், கட்டடங்கள் வேண்டும், பணம் வேண்டும். இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து உலகப் போர் வேற. எழுபது வயசைத் தாண்டியவர் மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராகக் கையேந்தினார்.

அங்கேதான் சிக்கல். உதவி வேண்டுமானால் ஆண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது ஒரு தரப்பு. பல வருஷங்களாகப் பணம் திரட்டிக் கொடுத்த லூசி பீபடி போன்ற தோழிகளோ, இது பெண்களுக்காக மட்டும் கட்டிய இடம், விட்டுக்கொடுக்காதே என்றார்கள். அந்த மூன்று பெண்களுக்காக ஆரம்பித்தது இது. பெண்களுக்கு மட்டும் என்பது ஐடாவின் உயிர்மூச்சு. யோசித்து, ஜெபித்து, ஆண்களையும் சேர்க்கச் சம்மதித்தார். பழைய தோழமை முறிந்தது. துரோகம் என்றுகூடப் பேசினார்கள். என்னைக் கேட்டால், திண்டிவனத்து ராத்திரியைவிட இந்த முடிவு கடினமானது. அங்கே அவர் விட்டது வசதியான ஒரு கனவை. இங்கே விட்டது, கடவுளே தந்ததாக நம்பிய கனவின் ஒரு பகுதியை.

1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. அதே பத்தாண்டுக்குள் ஆண்களும் வந்தார்கள். 1946-ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார்.

அவர் பற்றவைத்தது எப்படிப் பரவியது என்பதற்கு ஒரே ஒருவரைச் சொல்கிறேன். கொச்சியைச் சேர்ந்த மேரி வர்கீஸ், சி.எம்.சி.யில் படித்த டாக்டர். 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போனது. வாழவே விருப்பமில்லாத நாட்களும் அவருக்கு இருந்தன. பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மடங்கிப்போன தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் உருவான மறுவாழ்வு மையம் அவர் முயற்சி. கால் நடக்கவில்லை. மனசு எழுந்து நடந்துவிட்டது. குணமாவது என்பதில் இத்தனை வகை இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம்.

கடைசிக் காலத்தில் ஐடா கொடைக்கானலில் இருந்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிப் போட்ட கடிதம்கூட அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததாம்.

1960 ஏப்ரல் 1 அன்று, எல்லைப் போராட்டங்களுக்குப் பிறகு, திருத்தணியோடு சேர்ந்து அம்மையார்குப்பம் பக்கமும் மறுபடி இந்தப் பக்கம் வந்தது. அதற்கு ஏறக்குறைய ஏழரை வாரம் கழித்து, மே 24 அன்று, கொடைக்கானலில் ஐடா கண் மூடினார். 89 வயசு. உடலை வேலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

இப்போது ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற சாலைக்கே ஐடா ஸ்கடர் ரோடு என்றுதான் பெயர். ஆட்டோக்காரர்களும், லாட்ஜ்களும், மருந்துக்கடைகளும், பல மாநிலத்து ஜனங்களும் நெரிக்கிற சாலை. அம்மையார்குப்பத்திலிருந்து வண்டியில் வருகிறவர்கள் அதற்கு முன்னால் ராணிப்பேட்டையைத் தாண்டித்தான் வர வேண்டும். மடியில் ரிப்போர்ட் கவரை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர்கள், அந்த ஊரில் யார் பிறந்தார் என்றெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. ஓ.பி. சீட்டு கிடைக்குமா என்பதுதான் அவர்கள் கவலை.